மூன்று நாற்காலியில் ஒரு பெரியப்பா

போன வாரம் அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது என் வானத்தைப் பார்த்தேன். ‘என்’ என்பது அச்சுப்பிழை இல்லை. யாரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. பாலத்தை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஒரு பேனர். குழந்தை சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு புலி, தாய்மாமன் மாதிரிப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் ஆரஞ்சும் ஊதாவும் குழைந்த ஒரு வானம். இடது மூலையில் நாய்க்குட்டி படுத்திருப்பது போல ஒரு மேகம். அந்த நாய்க்குட்டியை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். மழை விட்ட ஒரு சாயங்காலம், முத்தியால்பேட்டையில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் மொட்டைமாடியில் நின்று நானே எடுத்தது.

எடுத்தபோது அதில் ஆரஞ்சு கிடையாது. சாம்பல் நிறத்தில் எங்கோ ஓரமாகக் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது, அவ்வளவுதான். கீழே வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி அந்த மஞ்சளைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பக்கத்துத் தெரு ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு பென்டிரைவில் கேட்டு வாங்கிப் போனார். அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து முதலியார்பேட்டைக்காரர் ஒருவர். ஊரில் பாதிப் பேர் என் வானத்துக்குக் கீழேதான் காது குத்தி, மஞ்சள் நீராடி, கல்யாணம் பண்ணி, சிலபேர் கண்ணீர் அஞ்சலியும் வாங்கியிருக்கிறார்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது இல்லையா? வண்டியைக் கிளப்பினேன். ஆனால் புது பேனரின் அந்த மண்ணெண்ணெய் கலந்த மை வாசனை மூக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

எங்கள் ஸ்டுடியோவுக்கும் ஒரு வாசனை உண்டு. லேமினேஷன் மிஷின் சூடாகும் வாசனை, கொசுவத்தி, கல்யாணப் பெண்கள் மேக்கப் அறையில் உதிர்த்துவிட்டுப் போன மல்லிகை. மூன்றும் சேர்ந்தால் எனக்கு இப்போதும் பசிக்கும். ஏனென்றால் அந்த வாசனையில்தான் என் டிபன் பாக்ஸைத் திறந்து பழக்கம். குறுகலான கடை. உள்ளே ஒரே ஒரு ஏ.சி. அதுவும் கம்ப்யூட்டருக்கு. எங்கள் முதலாளி பாலு அண்ணன், “மனுசனுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம், இதுக்கு வேர்த்தா யாரு தொடைக்கிறது?” என்பார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த புண்ணியத்தில் எனக்கும் கொஞ்சம் குளிர் கிடைத்தது.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம் அது. “கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமா பாப்பா?” என்று பாலு அண்ணன் கேட்டார். தெரியும் என்றேன். வேலை கிடைத்தது. ஆஃப் பண்ணத் தெரியாது என்பதை அன்று கடை மூடும்போதுதான் இரண்டு பேருமாகச் சேர்ந்து தெரிந்துகொண்டோம்.

படத்தைத் திருத்தும் அந்த சாஃப்ட்வேரை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து, என்ன ஆகிறதோ அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். ஆளைச் சுற்றி வளைத்துக் கத்தரிப்பது கயிறு. நிறத்தைக் கூட்டும் பட்டைக்கு மிளகாய்த்தூள் என்று பெயர்; கொஞ்சம் போட்டால் ருசி, கை தவறினால் எல்லாருக்கும் கண் எரியும். ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் அப்படியே பதிக்கிற ஒரு சாமான் இருந்தது. அதற்கு முத்திரை என்று பெயர் வைத்தேன். முத்திரை என் செல்லப்பிள்ளை. கன்னத்துப் பருவை நல்ல கன்னத்தால் மூடலாம், சுவரில் இருக்கிற காரைப் பெயர்ச்சலை நல்ல சுவரால் மூடலாம். ஒரு தடவை மாப்பிள்ளைத் தோழனின் வழுக்கையை அவர் பக்கத்தில் நின்றவரின் தலையை வைத்தே மூடியிருக்கிறேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இத்தினி நாளா எங்கம்மா இருந்த நீ?” என்று கேட்டார்.

அப்புறம் வெளிச்சம். பாலு அண்ணனின் உலகத்தில் நிழல் என்பது ஒரு வியாதி. கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில், கழுத்துக்கு அடியில் எங்கே நிழல் தெரிந்தாலும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “ஏத்து பாப்பா, லைட்ட ஏத்து. கலர்ல கஞ்சத்தனம் காட்டாத, நம்ம வூட்டுக் கரண்டா போவுது?” என்பார். மெல்லிய வெள்ளை பிரஷ்ஷை எடுத்து நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தடவுவேன். சூரியன் வலது பக்கம் இருக்கும், ஆனால் இடது கன்னம் ஜொலிக்கும். எங்கள் ஆல்பங்களில் மனிதர்களுக்கு உள்ளேயே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

வருகிறவர்கள் சொல்லும் பேச்சைக் கேட்பதற்காகவே நான் லீவு போடாமல் வேலைக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா? ஒரு மருமகள் வந்து, “அக்கா, என்னைப் பாத்தா நான்தான்னு எனக்குத் தெரியணும், மாமியாருக்குத் தெரியக்கூடாது. அப்படிப் பண்ணுங்க” என்றாள். ஒரு அம்மாள் தன் மகனோடு எடுத்த படத்தைக் காட்டி, “ரொம்ப வயசக் கொறைச்சிடாதம்மா, அப்புறம் இவன் எனக்கு அண்ணனாயிடுவான்” என்றார். புதுப் படகுக்கு பேனர் போட வந்த மீனவக் குப்பத்துக்காரர்களிடம் என் நீலக் கடலைக் காட்டினேன், வெளிநாட்டு சி.டி.யில் வந்த, அடிமணல் வரை தெரிகிற கடல். அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். “இம்மா தெளிவா இருந்தா வலை வுடறப்பவே மீனு நம்மளப் பாத்துக் கைகாட்டும்மா.” கூட வந்தவர் விடவில்லை: “பரவால்ல போடு. மீனா பேனர் பாக்கப் போவுது?”

புதுச்சேரியில் மட்டும் நடக்கிற ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாதம் வந்தால் பிரான்சிலிருந்து நம் ஆட்கள் வந்து இறங்குவார்கள். வக்கான்ஸ் என்று அவர்கள் சொல்லும் பெரிய லீவு. ஆடி கழியக் காத்திருந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்து, மாதம் முடிவதற்குள் மாப்பிள்ளை விமானம் ஏறியாக வேண்டும். அந்த அவசரத்தில் ஆல்பம். அங்கிருந்து வந்தவர்கள், “பின்னால மாமரம் போடுங்க, கோயில் கோபுரம் போடுங்க” என்பார்கள். இங்கேயே இருக்கிறவர்கள், “பாரிஸ் கோபுரம் போடு, பனிமலை போடு” என்பார்கள். ஒரே கல்யாணத்தில் இரண்டு பக்கமும் இருந்தால் நான் இரண்டு ஆல்பம் செய்வேன். ஒன்றில் தம்பதிகள் தென்னந்தோப்பில் நிற்பார்கள், இன்னொன்றில் அதே பட்டுப்புடவையோடு பனியில் நிற்பார்கள். யாருக்கும் குளிராது.

அப்படித்தான் தேவிகாவின் ஆல்பமும் வந்தது.

தேவிகாவின் அம்மா அஞ்சலை அக்கா முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவர். எனக்கு வாடிக்கை. எடை போட்ட பிறகு ஒரு மீனை எடுத்துச் சும்மா போடுவார், போடும்போது என்னைத் திட்டுவார். “ஈர்க்குச்சி மாரி இருக்க, தின்னு” என்று. குப்பத்திலேயே தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போன குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துப் பேரன் சுந்தர்தான் மாப்பிள்ளை. பிரான்சில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. கல்யாணம் குப்பத்து அம்மன் கோயிலில், சாப்பாடு பக்கத்துச் சின்ன மண்டபத்தில். ஃபிலிம் ரோல் போய் டிஜிட்டல் கேமரா வந்த காலம். பாலு அண்ணனே போய் எடுத்தார்.

தாலி கட்டி முடித்து ஜனம் மண்டபத்தில் வந்து உட்காரப் போகிற நேரத்தில் கரையிலிருந்து ஒரு சத்தம். வலையில் மத்தி மீன் பட்டிருக்கிறது. சும்மா இல்லை, வந்த படகுகள் எல்லாவற்றிலும் விளிம்பு வழிய மத்தி. அவ்வளவுதான், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொத்தக் குப்பமும் கரைக்கு ஓடிவிட்டது. மண்டபத்தில் மிஞ்சியது மாப்பிள்ளையோடு வந்த சிலபேர், சமையல்காரர்கள், அப்புறம் முட்டிவலியால் ஓட முடியாத, தேவிகாவின் பெரியப்பா. முறுக்கு மீசையும் பச்சைத் துண்டுமாக முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாலு அண்ணன் கடமையாக அந்தக் காலி மண்டபத்தைப் படம் எடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் வரும் முன் அவரை எழுப்ப ஒருவராலும் முடியாது.

ஆல்பம் வேலை தொடங்கியதும் அஞ்சலை அக்கா மீன் கூடையோடு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். ஏ.சி. அறையில் அன்றைக்கு மட்டும் லேமினேஷன் வாசனை தோற்றது. திரையில் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னாடி இது? என் பொண்ணு கல்யாணத்துக்கு ஆளே வரலன்ற மாரி இருக்கு. அவுங்க வூட்டுல அங்க பத்து பேருக்குக் காட்டுவாங்க.”

“எல்லாரும் கரைக்குப் போயிட்டாங்களேக்கா.”

“அது எனக்குத் தெரியும், படத்துக்குத் தெரியுமா? ரொப்பு. மண்டபத்தையும் கொஞ்சம் பெருசாக்கு. தூணு கீணு வெய்யி.”

நிரப்பினேன். முத்திரை இருக்கும்போது கூட்டத்துக்கு என்ன குறை? வேறு கல்யாணத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தால் யாராவது தன் சித்தப்பாவை அடையாளம் கண்டு சண்டைக்கு வருவார்கள் (நடந்திருக்கிறது). அதனால் இருக்கிறவர்களையே எடுத்து மறு நாற்காலிகளில் பதித்தேன். பெரியப்பா நல்ல அம்சமான ஆள், அவருக்கு மட்டும் மூன்று நாற்காலி. கூரையை உயர்த்தி அரண்மனைத் தூண் வைத்தேன். தேவிகாவின் முகத்தில் விளக்கேற்றினேன். மூன்று பக்கம் பனிமலை, இரண்டு பக்கம் பாரிஸ் கோபுரம், கடைசிப் பக்கம் என் வானம். அஞ்சலை அக்கா பார்த்துவிட்டு, அவர் வாயிலிருந்து வராத ஒரு சொல்லைச் சொன்னார்: “நல்லாருக்கு.”

சுந்தர் கிளம்பிப் போனார். விசாவுக்கு எழுதிப் போட்டு, கொஞ்ச மாதம் கழித்து தேவிகாவைப் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு வரச்சொன்னார்கள். கல்யாணப் போட்டோ கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் அந்தப் பெரிய ஆல்பத்தை, சூட்கேஸ் மாதிரிப் பெட்டியோடு, ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே விசாரித்த மதாம், அந்தப் பிரெஞ்சுக்கார அம்மாள், நல்ல மாதிரியாம். புன்சிரிப்போடு புரட்டியிருக்கிறார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு அம்மாள் கேட்டுச் சொல்லியிருக்கிறார். பனிமலைப் பக்கம் வந்ததும், “நீங்க ஏற்கெனவே பிரான்சுக்கு வந்திருக்கீங்களா?” என்று கேள்வி. தேவிகாவுக்குப் பொய் வராது. “இல்லீங்க. இது முத்தியால்பேட்டை” என்றிருக்கிறாள். மதாம் சிரிக்காமல் அடுத்த பக்கம் போனார். அரண்மனை மண்டபம். அவர் விரல் ஒரு மீசையில் நின்றது, பிறகு இன்னொரு மீசையில், பிறகு மூன்றாவதில்.

“இவங்க மூணு பேரும் அண்ணன் தம்பிகளா?”

அஞ்சலை அக்கா முந்திக்கொண்டார். “இல்லீங்க, எங்க வூட்டுக்காரரோட அண்ணன். ஒருத்தருதான்.”

அதோடு ஆல்பத்தை மூடிவிட்டார்கள். கோபமாக எதுவும் சொல்லவில்லை. கை வைக்காத, எடுத்தது எடுத்தபடி இருக்கிற போட்டோக்களை அடுத்த வாரம் கொண்டுவாருங்கள், இதை வைத்து எதையும் நம்ப முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

ஸ்டுடியோவுக்கு வந்து நின்ற தேவிகாவின் முகத்தில் நான் ஏற்றிய விளக்கு எதுவும் இல்லை. “அக்கா, ஒண்ணாவது இருக்குமில்ல?” என்றாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவளும் சுந்தரும் சேர்ந்து இருந்தது சில நாட்கள்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். “அங்க ரூமுல ரெண்டு தட்டு வாங்கி வெச்சிருக்காராம். ஒண்ணு சும்மாவே கெடக்குதாம். ஏன்டா வாங்குனோம்னு இருக்குன்னு போன்ல சொல்றாரு.” தெருவில் இதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். ‘இன்னும் போவலியா? பேப்பர்ல ஏதோ தகராறாமே?’

நான் பாலு அண்ணனைப் பார்த்தேன். பாலு அண்ணன் ஏ.சி.யைப் பார்த்தார். எங்கள் கடை வழக்கம் அப்படி: ஆல்பம் கைக்குப் போன அன்றே கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களைத் துடைத்துவிட வேண்டும். இடம் பத்தாது, அடுத்த கல்யாணம் வாசலில் நிற்கும். கேமரா கார்டும் அன்றைக்கே வேறு முகூர்த்தத்துக்குப் போய்விடும். “ஆல்பம் இருக்குறப்போ பச்சைப் படம் எதுக்கு? சோறு வெந்தப்புறம் எவனாவது அரிசியத் தேடுவானா?” என்பது அவர் வாதம். அன்றைக்கு அரிசியைத்தான் கேட்டார்கள்.

தேட ஆரம்பித்தோம். சுந்தரின் தங்கை சின்னக் கேமராவில் நிறைய எடுத்திருந்தாள். போன் போட்டோம். “அதையும் உங்க ஸ்டுடியோவுலதான குடுத்துக் கலர் ஏத்தி வாங்கினோம்? ஒரிஜினலை அழிச்சிட்டு கார்டைத் திருப்பிக் குடுத்தீங்களே” என்றாள். அவளிடம் இருந்ததெல்லாம் தென்னந்தோப்பு. வீடியோக்காரரிடம் ஓடினோம். அவர் கேசட்டின் மேல் அதற்குள் வேறு வளைகாப்பு எடுத்துவிட்டார்; மிக்சிங் பண்ணிய கல்யாணம்தான் மிச்சம். அதில் தேவிகாவும் சுந்தரும் அன்னப்பறவை மேல் உட்கார்ந்து நிலாவைச் சுற்றி வருகிறார்கள். “இதுல அசல் எதுவும் இல்லியா?” என்று கேட்டேன். அவர் யோசித்து, “நெலா அசல்தான்” என்றார்.

ஊரில் எடுத்த ஒவ்வொரு படமும் எங்கள் கடை வழியாகப் போய் வெளிச்சம் பூசிக்கொண்டு வந்திருந்தது. அவ்வளவு நாளும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். அந்த வாரம் அப்படி நினைக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். அஞ்சலை அக்கா வியாபாரத்தில் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். மீனை எடை போட்டார், திட்டவில்லை. அது எனக்கு அழுகையை விட மோசமாக இருந்தது. பக்கத்தில் அவர் தம்பி குமார் நின்றுகொண்டு யாரோ ஒரு வியாபாரியிடம் அளந்துகொண்டிருந்தார். குமார் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அப்போதுதான் கேமரா வைத்த போன்கள் வந்திருந்தன. குப்பத்திலேயே முதல் கேமரா போன் அவருடையது. நல்ல பாடு பட்டால், அதாவது வலை கொள்ளாமல் மீன் வந்தால், கேரளத்து வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்.

“இதெல்லாம் ஒரு பாடா? அக்கா பொண்ணு கல்யாணத்தன்னிக்குப் பட்டுச்சு பாரு மத்தி, அதாம்ப்பா பாடு. பாக்கறியா?” என்று போனை நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். மணலில் மலை மலையாக மத்தி, வெள்ளிக் காசு கொட்டின மாதிரி. அடுத்த படம், இன்னும் மத்தி. அடுத்ததில் மத்திக் குவியலுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ.

“அண்ணே, நிறுத்துங்க. அது இன்னா?”

“எதும்மா?”

“மீனுக்குப் பின்னால. செவப்பா.”

“மாலை. மாப்பிள்ளையும் பொண்ணும். ‘நானும் வர்றேன், மீன் பாக்கணும்’னு மாப்பிள்ள ஒரே புடியா நின்னாரு. இட்டுனு வந்தேன்.”

அஞ்சலை அக்கா தராசைப் போட்டுவிட்டு எழுந்தார். “நாந்தான் அன்னிக்கே கத்துனனே, கல்யாணக் கோலத்தோட சேத்துல எறங்காதீங்கன்னு! படம் வேற புடிச்சியாடா நீ?”

“மீனப் புடிச்சேன்க்கா. இவங்க நடுவுல வந்துட்டாங்க.”

ஏழெட்டுப் படம் இருந்தது. கழுத்தில் கல்யாண மாலையோடு தேவிகா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு மத்தியை வைத்து சுந்தருக்கு எதையோ விளக்குகிறாள். சுந்தர் பட்டுச்சட்டையில் செதில் ஒட்ட, வாயைத் திறந்து சிரிக்கிறார். சுற்றிலும் குப்பமே நிற்கிறது. மண்டபத்தில் இல்லாமல் போன அத்தனை பேரும் கூடையும் வலையும் பட்டுப்புடவையுமாக அங்கே இருக்கிறார்கள். பாதி முகங்கள் நிழலில், மூக்கெல்லாம் வேர்வை. ஒரு மூலையில் குமாரின் கட்டைவிரல். வானம் அழுக்குத் துணி மாதிரி சாம்பல் நிறம். எங்கள் கடைக்கு அது வராமல் தப்பித்ததற்குக் காரணம் ஒன்றுதான். மீனுக்கு யாரும் கலர் ஏற்றச் சொல்லமாட்டார்கள்.

அஞ்சலை அக்காவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, கோபம் இரண்டையும் முந்திக்கொண்டது. “கல்யாணப் பொண்ணு மீன் நாத்தத்துல நிக்கறத அந்த மதாம் பாக்கணுமா? இம்மா பெரிய ஆல்பத்தக் காட்டிட்டு இதையா கொண்டு போயி வெப்பேன்?”

குமார் சொன்னார்: “நாத்தம் போட்டோவுல வராதுக்கா.”

தேவிகாவையும் கூட்டிக்கொண்டு போனோடு ஸ்டுடியோவுக்குப் போனோம். கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாகத் திறந்தேன். தேவிகா திரைக்குப் பக்கத்தில் போய், “அவரு இப்படித்தான் சிரிப்பாரு. ஆல்பத்துல வேற யாரோ மாதிரி இருந்தாரு” என்றாள்.

பாலு அண்ணன் தொண்டையைச் செருமினார். அவர் கை தன்னால் மவுஸ் பக்கம் போனது. “எல்லாம் சரி. முகத்துல மட்டும் லேசா ஒரு லைட்டு…”

“கை வெக்காத!” என்று நாங்கள் நான்கு பேரும் கத்திய கத்தலில் வெளியே மேக்கப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு மை கோணிவிட்டது.

விரல் தெரிந்தது தெரிந்தபடி, நிழல் இருந்தது இருந்தபடி பிரிண்ட் போட்டேன். அந்தக் கடையில் ஒரு பட்டையையும் தொடாமல் நான் போட்ட பிரிண்டுகள் அவை மட்டும்தான். கை நமநமவென்று அரித்தது. உள்ளதைச் சொல்கிறேன், கழுத்துக்கு அடியில் ஒரு நிழல் இருந்தது, அதை விட்டுவிட்டுப் போவது பல்லில் சிக்கிய நாரை விட்டுவிட்டுத் தூங்கப் போவது போல இருந்தது.

மதாம் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தாராம். சுந்தர் அங்கே கொடுத்திருந்த தேதி, இடம் எல்லாம் ஒத்துப்போனது. தமிழ் தெரிந்த அந்த அம்மாள் வழியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது என்ன மீன்?”

அஞ்சலை அக்கா எந்தக் கேள்விக்குக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. மத்தியை எப்படிக் கழுவ வேண்டும், எதனோடு வறுக்க வேண்டும், குழம்பானால் மறுநாள்தான் ருசி என்பது வரை சொல்லி முடித்துத்தான் எழுந்தாராம். விசா வந்தது. பெரியப்பா மட்டும் கடைசி வரை குறைப்பட்டுக்கொண்டார்: “மூணு நாற்காலில உக்காந்தேன், ஒரு எலைதான் போட்டாங்க.”

தேவிகா விமானம் ஏறிய அன்று அஞ்சலை அக்கா எனக்கு எடைக்கு மேல் இரண்டு மீன் போட்டு, இரண்டு மடங்கு திட்டினார்.

இப்போது அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாலு அண்ணன் முதலியார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். தினமும் விடிந்ததும் வாட்ஸப்பில் ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புகிறார். அதில் இருக்கும் ரோஜாக்களின் பளபளப்பைப் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாரும் என்னிடம் வந்து லைட் ஏற்றச் சொல்வதில்லை. போன் தானே ஏற்றிவிடுகிறது. கேட்காமலே ஏற்றுகிறது. ‘எனக்குத் தெரியணும், மாமியாருக்குத் தெரியக்கூடாது’ என்று அதனிடம் யாரும் பேச முடியாது என்பதுதான் எனக்கு வருத்தம். சாஃப்ட்வேர் எனக்கு மறந்துவிட்டது. பேச்சு ஒன்றும் மறக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் தேவிகாவும் சுந்தரும் பிள்ளைகளோடு வந்தார்கள். சுந்தருக்குத் தொப்பை, தேவிகாவுக்குக் கண்ணாடி. அங்கே அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்த மத்திப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்களாம். ஆல்பம் பரண் மேல் இருக்கிறது. அந்தப் படத்தில் நின்ற அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும், நீதான் வந்து எடுக்க வேண்டும் என்று தேவிகா ஒரே பிடிவாதம். எல்லாருமாகக் குப்பத்துக்கு நடந்தோம். கோயில் தாண்டி, மண்டபம் தாண்டி, தெரு முடிகிற இடத்தில் நின்றோம்.

மணல் இல்லை. எனக்கும் அஞ்சலை அக்காவுக்கும் அது தெரியும். வருடா வருடம் கடல் அரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் ஒரு நாளில் போனது போல எங்களுக்குத் தோன்றவில்லை. ஏலம் போட்ட திட்டு, வலை காயப்போட்ட இடம், படகுகளை வரிசையாக ஏற்றி நிறுத்திய கரை, எல்லாம் இருந்த இடத்தில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கற்கள். அலை வந்து கல்லில் அடித்துத் தெறித்தது. சுந்தர் போனில் பழைய படத்தை வைத்துக்கொண்டு கல் மேல் அப்படியும் இப்படியும் ஏறி இறங்கிப் பார்த்தார்.

சின்னவன் பாட்டியின் முந்தானையை இழுத்தான். அவன் தமிழில் பிரெஞ்சு வாடை உண்டு, ஆனால் கேள்வி நேராக இருந்தது. “ஆயா, அம்மா அப்பா எங்க நின்னாங்க?”

அஞ்சலை அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்து, கரைக்கு வருகிற படகை அடையாளம் பார்க்கிற மாதிரிக் கடலைப் பார்த்தார்.

“தோ, அங்க ஒரு அலை ஒடையுது பாரு. அதுக்கும் அந்தாண்ட.”

அங்கே ஒரு படகு நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது.